பட்டாளத்திலிருந்து வந்து சட்டமன்றத்துக்கு நிற்பது: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மாமா 24 வருடம் பட்டாளத்தில் இருந்து சுபேதாராக ஓய்வுபெற்றவர். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொகுதியில் சுயேச்சையாக நின்றார். தேர்தல் ஏஜென்ட் நான்தான். தோற்றோம், டெபாசிட்டும் போனது. ஆனால் அன்றிலிருந்து கோபி, பல்லடம், திருச்செங்கோடு என்று எங்கிருந்தாவது ஒரு முன்னாள் படைவீரர் போன் போட்டு, "ஏனுங்க, நாமளும் நிக்கலாம்னு இருக்கறனுங்க, என்ன பண்ணோணும்?" என்று கேட்டபடி இருக்கிறார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது.

சர்வீஸில் இருந்துகொண்டே நிற்கலாமா?

முடியாது. அரசியல் சட்டத்தின் 191வது பிரிவு, அரசிடம் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது. லீவில் வந்து மனு போட்டுவிட்டுத் திரும்பிப் போகிற கதையெல்லாம் நடக்காது. டிஸ்சார்ஜ் ஆகி, தேதி போட்ட காகிதம் கையில் இருக்க வேண்டும். வேட்புமனு பரிசீலனை நாளில் நீங்கள் தகுதியோடு இருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். ஓய்வுபெற்று இத்தனை வருடம் கழித்துத்தான் நிற்கலாம் என்ற கட்டுப்பாடு எதுவும் இல்லை.

டிஸ்மிஸ் ஆனவர்?

ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ டிஸ்மிஸ் ஆனவருக்கு ஐந்து வருடம் தடை. வேறு காரணத்துக்காக டிஸ்மிஸ் ஆகி இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லை என்றால், தன்னை நீக்கியது அந்த இரண்டு காரணங்களுக்காக இல்லை என்று தேர்தல் ஆணையத்திடம் சான்று வாங்கி மனுவோடு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மனு நிற்காது.

ரிட்டயர் ஆகி இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். பரவாயில்லையா?

என்ன வேலை என்பதைப் பொறுத்தது. நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் 40 வயதை ஒட்டி வெளியே வந்து, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ரயில்வே, மின்வாரியம், அரசு வங்கி என்று இரண்டாவது வேலையில் சேர்ந்திருப்பார்கள். "நான்தான் மிலிட்டரியை விட்டு வந்துட்டேனே" என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அரசு வேலை என்றால் மறுபடியும் அதே 191தான். அரசு வங்கியாக இருந்தாலும் பணி விதிகள் விடாது. ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட பிறகுதான் மனு. தனியார் மில்லில் செக்யூரிட்டி ஆபீசராக இருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பென்ஷன் வாங்குவது ஆதாயப் பதவி ஆகாது. நிற்பதால் பென்ஷன் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம்.

அக்னிவீராகப் போய் வந்த பையன் நிற்கலாமா?

சட்டமன்றத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். 18ல் சேர்ந்து நான்கு வருடத்தில் வெளியே வருகிற பையனுக்கு 22தான் ஆகியிருக்கும். ஆனால் உள்ளாட்சித் தேர்தலுக்கு 21 போதும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஓட்டர் லிஸ்டில் பெயர் எங்கே இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் இருந்தால் போதும். நிற்கும் தொகுதி வேறு என்றால், உங்கள் பெயர் உள்ள பட்டியலின் சான்றிட்ட நகலைச் சேர்க்க வேண்டும். பட்டாளத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சர்வீஸில் இருந்தவரை உங்கள் பெயர் சர்வீஸ் வாக்காளர் பட்டியலில் இருந்திருக்கும். வெளியே வந்ததும் படிவம் 6 கொடுத்து உங்கள் ஊர்ப் பட்டியலுக்கு மாறியிருக்க வேண்டும். நிறையப் பேர் செய்வதில்லை. எங்கள் மாமாவே ஓய்வுபெற்று இரண்டு வருடம் கழித்து, ஓட்டுப் போடப் போன இடத்தில் பெயர் இல்லை என்று சொன்ன பிறகுதான் செய்தார்.

தொகுதி தனித் தொகுதியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அவினாசி, தாராபுரம், பவானிசாகர், வால்பாறை, ராசிபுரம் ஆகியவை பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு.

டெபாசிட் எவ்வளவு?

10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. இந்தத் தொகையின் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1996ல் மொடக்குறிச்சியில், தங்கள் கோரிக்கை யார் காதிலும் ஏறவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் வரிசை கட்டி மனு போட்டார்கள். களத்தில் மொத்தம் 1,033 பேர். அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். அதே வருடம் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். 10,000 ஆனது 2010ல். மேட்டூர் பத்மராஜன் 1988லிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் மனு போட்டுவிட்டார் என்றால், அவர் டெபாசிட்டுக்கே எவ்வளவு கட்டியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

டெபாசிட் திரும்ப வர, பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். 1,80,000 செல்லத்தக்க ஓட்டு என்றால் 30,000க்கு மேல். நோட்டா ஓட்டு இந்தக் கணக்கில் சேராது. சுயேச்சையாக நிற்பவர், அந்தப் பத்தாயிரம் போய்விட்டதாக நினைத்துக்கொண்டே கட்டலாம்.

முன்மொழிபவர்களில் என்ன சிக்கல் வரும்?

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்து. பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். இங்கேதான் நாங்கள் வழுக்கினோம். மாமாவோடு ஒரே யூனிட்டில் இருந்த ஒருவர், பக்கத்துக் கிராமம், தினமும் ஒரே டீக்கடையில் உட்காருபவர். அவர் கையெழுத்து இல்லாமல் மனுவா என்று மாமா முதல் ஆளாகப் போடச் சொல்லிவிட்டார். கடைசியில் பார்த்தால் அவர் வீடு பள்ளத்துக்கு அந்தப் பக்கம், வேறு தொகுதி! நல்லவேளையாகத் தாக்கல் செய்வதற்கு முந்தின ராத்திரி நான் பாகம் எண், வரிசை எண் சரிபார்த்தபோது மாட்டியது. பரிசீலனையில் மாட்டியிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். ஒருவர் நான்கு மனு வரை போடலாம். வெவ்வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனு ஒன்றைக் கட்டாயம் போட்டு வையுங்கள்.

மனு வாங்குவது காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. கடைசி நாளில் நல்ல நேரம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அஃபிடவிட்டில் என்ன கேட்பார்கள்?

படிவம் 26. சொத்து, கடன், கடந்த ஐந்து வருட வருமானம், வழக்குகள், படிப்பு எல்லாம். உங்களுடையது மட்டும் போதாது, மனைவியுடையதும் சார்ந்திருப்பவர்களுடையதும் வேண்டும். ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. பொருந்தாத இடத்தில் "இல்லை" என்று எழுதுங்கள். காலியாக விட்டு, அதிகாரி சுட்டிக்காட்டியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அஃபிடவிட் அறிவிப்புப் பலகையிலும் வரும், ஆணையத்தின் இணையத்திலும் வரும். அத்தையின் நகையைக் கிராம் கணக்கில் எழுதியபோது, "எங்கழுத்துல எத்தன பவுன் கெடக்குதுன்னு ஊருக்கே தண்டோராப் போடோணுமா?" என்று அவர் இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உறுதிமொழி என்கிறார்களே, அது என்ன?

மனு கொடுத்த பிறகு, தேர்தல் அதிகாரி முன்னால் அரசியல் சட்டத்தின் பேரில் உறுதிமொழி எடுக்க வேண்டும். பரிசீலனை நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதை விட்டதால் மனு போனவர்கள் உண்டு. மனு கொடுத்த கையோடு எடுத்துவிடுங்கள். வாசித்து முடித்ததும் மாமா காலைச் சேர்த்து அட்டென்ஷனில் நின்றுவிட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே "போதுங்க சார், உக்காருங்க" என்றார்.

போஸ்டரில் யூனிஃபார்ம் போட்டோ போடலாமா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பிரசாரத்தில் படைவீரர்களின் படத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் 2013 டிசம்பரில் சொன்னது. 2019 மார்ச்சில் மறுபடி நினைவூட்டியது. ராணுவ நடவடிக்கைகளை ஓட்டுக்காகப் பேசவும் கூடாது என்றது. படம் உங்களுடையதுதானே, இருபது வருடத்துக்கு முந்தியதுதானே என்று வாதாடலாம். நோட்டீஸ் வந்த பிறகு, ஓட்டுக் கேட்க வேண்டிய இரண்டு வாரத்தில், அலுவலகப் படிகளில் நின்று வாதாட வேண்டும். எதற்கு? வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு பிரசாரத்துக்குப் போவது அதைவிட வம்பு. படையில் இல்லாதவர், படைவீரர் என்று நம்ப வைக்கும் நோக்கத்தோடு அந்த உடையை அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168ல் குற்றம்.

பெயரோடு ரேங்க் போட்டுக்கொள்ளலாம். பட்டங்களைத் தடுக்கும் 18வது பிரிவு, ராணுவத் தகுதிக்கும் கல்வித் தகுதிக்கும் விலக்குத் தருகிறது. பெயருக்குப் பின்னால் (ஓய்வு) என்று சேருங்கள். ஆனால் நம் ஊரில் "கேப்டன்" என்றால் யார் நினைவுக்கு வருவார் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் பிரசாரத்தில் "சுபேதார்" என்றதற்கு ஒரு பாட்டி, "அது என்ன சாமி, தாசில்தார் மாதிரியா?" என்று கேட்டார். மூன்றாம் நாளே "மிலிட்டரிக்காரர்" என்று மாற்றிக்கொண்டோம்.

இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பியோ நண்பர்களோ எனக்காக வேலை செய்யலாமா?

கூடாது. ராணுவ விதிகள் அவரை விடாது, அது ஒரு பக்கம். உங்களுக்கும் ஆபத்து. ஆயுதப் படையினரின் உதவியை வேட்பாளர் தன் வெற்றிக்காகப் பெறுவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(7)ன்படி ஊழல் நடவடிக்கை. ஜெயித்தாலும் அந்த ஒரு காரணத்துக்காகத் தேர்தலை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம். லீவில் வந்திருக்கும் தம்பி திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும், கையில் நோட்டீஸைக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் சின்னத்தைப் போடுவதும் வேண்டாம்.

வாக்குச்சாவடிப் பாதுகாப்புக்கு ஓய்வுபெற்ற நம் ஆட்களையே காவல்துறை அழைப்பதுண்டு. அந்தப் பணிக்குப் பெயர் கொடுத்தவர் பிரசாரப் பக்கம் தலைகாட்டக்கூடாது. யார் எதில் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

கேண்டீன் சரக்கு?

இதைக் கேட்காத ஊர் இல்லை. "மிலிட்டரிக்காரரு நிக்கறாரு, ரம்மு வருமில்ல?" என்பார்கள். ஓட்டுக்காக ஒரு பாட்டில் கொடுத்தாலும் லஞ்சம்தான். கேண்டீன் கார்டும் போகும். மாமா தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து கேண்டீன் பக்கமே போகவில்லை. பருப்பு, சோப்பு வாங்கக்கூடப் போகவில்லை. அதில் அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறேன்.

தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவல் வேலையில் இருப்பவர்கள் விலக்குக் கேட்கலாம். வேட்பாளரே தாமதித்தால் பார்க்க நன்றாக இருக்காது. முதல் நாளே கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

2022 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். மனுவுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவரை மூன்று வருடம் நிற்கவிடாமல் தகுதிநீக்கம் செய்யலாம். தோற்ற சோகத்தில் இதை மறப்பவர்கள் நிறைய. இந்த ஒரு விஷயத்தில் பட்டாளத்துக்காரர் கில்லாடி. மாமாவின் கணக்கு நோட்டைப் பார்த்த அலுவலர், டீக்கு 12 ரூபாய் என்று எழுதியிருந்ததைக் காட்டிச் சிரித்தார்.

50,000க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் வேண்டும். கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு வரும் வியாபாரிகள் தேர்தல்தோறும் இதில் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள்.

எதிராளிகள் பணம் கொடுத்தால்?

அரவக்குறிச்சியில் 2016ல் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்து, நவம்பரில் நடத்தினார்கள். ஆனால் அப்படி நடப்பது அபூர்வம். புகார் கொடுங்கள், வீடியோ எடுங்கள், அதற்குமேல் அதில் நேரத்தைக் கரைக்காதீர்கள்.

மிலிட்டரிக்காரர் என்றால் ஊரில் மரியாதை இருக்கிறதே. ஓட்டு விழாதா?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

மரியாதை நிஜம். போகிற வீட்டிலெல்லாம் நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். ஆனால் ஓட்டு வேறு வழியில் போகிறது. நம் பக்கம் ஒருவரை "நம்ம ஆளு" என்று சொல்ல வைப்பது நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பதுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து பந்தல் பார்த்தாரா, எழவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாரா, நோம்பிக்குத் தண்ணி லாரி ஏற்பாடு செய்தாரா, பள்ளத்து வாய்க்கால் சண்டையில் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாரா? கட்சிக்காரர் இருபது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அந்த இருபது வருடம் நம் ஆள் ராஜஸ்தானிலோ அசாமிலோ இருந்திருக்கிறார். தன் அப்பாவின் சாவுக்கே மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார் மாமா. அதைக் குறை சொல்லி யாரும் பேசவில்லை. ஆனால் எங்கள் ஒறம்பரை (சொந்தக்காரர்) வீடுகளிலேயே பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியவில்லை.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் இங்கே அதிகம் இல்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், சூலூரில் விமானப் படைத் தளம், அமராவதிநகரில் 1962லிருந்து சைனிக் பள்ளி என்று சுற்றிலும் ராணுவம் இருக்கத்தான் செய்கிறது. தறியும் தோட்டமும் பனியன் கம்பெனியும் இருக்கிற ஊரில் பையன்கள் அந்தப் பக்கம் திரும்புவது குறைவு, அவ்வளவுதான். முன்னாள் படைவீரர் ஓட்டை மட்டும் நம்பி ஒரு வார்டுகூட ஜெயிக்க முடியாது.

பெரிய ரேங்க் இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. பஞ்சாபில் கேப்டன் அமரீந்தர் சிங் இரண்டு முறை முதல்வரானார், ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கட்சி இருந்தது. மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்ற பி.சி. கந்தூரி, உத்தராகண்டில் முதல்வர் நாற்காலியில் இருந்தபடியே 2012ல் தன் தொகுதியில் தோற்றார்.

அப்படியானால் என்னதான் செய்வது?

ஊருக்கு வந்து குறைந்தது ஐந்து வருடம் ஊர்க்காரராக இருங்கள். அதற்கு உங்களிடம் ஒரு வழி இருக்கிறது, கட்சிக்காரரிடம் அது இல்லை. காகிதம். இறந்துபோன ஜவானின் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் நின்றிருக்கும், ஸ்பர்ஷில் (ராணுவ பென்ஷனுக்கான இணையதளம்) பெயர் எழுத்துப் பிழையாக இருக்கும், ஆயுள் சான்று கொடுக்கத் தெரியாமல் இருப்பார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இரண்டு தடவை கூட நடந்தால் தீர்ந்துவிடும். அப்புறம் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல் என்று ஊரே வரும்.

அதோடு, ஊராட்சி வார்டுக்கோ தலைவர் பதவிக்கோ முதலில் நில்லுங்கள். அங்கே கட்சிச் சின்னம் கிடையாது, ஆளைப் பார்த்து ஓட்டு விழும். சுயேச்சைக்கு அது தோதான களம்.

மேடையில் என்ன பேசுவது?

கார்கில், சியாச்சின் வேண்டாம். கேட்பார்கள், கை தட்டுவார்கள், கலைந்துபோவார்கள். சோமனூர், பல்லடம் என்றால் தறிக் கூலி. பொள்ளாச்சி என்றால் தேங்காய் விலையும் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம்) தண்ணீர் முறையும். கீழ்பவானியில் வாய்க்காலுக்கு கான்கிரீட் போடுவதில் இரண்டு தரப்பு இருக்கிறது. இரண்டையும் கேட்காமல் வாயைத் திறந்தால் ஒரு பாதி ஆயக்கட்டு போய்விடும். அத்திக்கடவு அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவிட்டது, 1,045 குளம் குட்டை என்று கணக்கு. உங்கள் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வந்ததா என்பதுதான் கேள்வி, நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மாமா ஒரு கூட்டத்தில் சாயத் தண்ணீரைப் பற்றி வாய் தவறி "யமுனை" என்றார். நொய்யல் என்று பின்னாலிருந்து நான் சொல்ல வேண்டியதாயிற்று.

பூத் ஏஜென்ட் எத்தனை பேர் வேண்டும்?

ஒரு தொகுதியில் முந்நூறு பூத்துக்குக் கிட்ட இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவர், மாற்றுக்கு இன்னொருவர். மாதிரி வாக்குப்பதிவுக்கு விடியும் முன்பே வர வேண்டும், சாயங்காலம் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழக்கூடாது. எங்களுக்குக் கிடைத்தது நாற்பது பேர். மீதி இடத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

சர்வீஸ் ஓட்டு நமக்குத்தானே விழும்?

அப்படி எந்தக் கணக்கும் போடாதீர்கள். வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்புவார்கள். ஜவான் அதை அச்செடுத்து, குறித்துத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் வந்து சேராவிட்டால் எண்ண மாட்டார்கள். எண்ணிக்கையும் சொற்பம். ஆனால் 2021ல் மொடக்குறிச்சியில் வெற்றி வித்தியாசம் 281 ஓட்டுதான். அந்த மாதிரி இடத்தில் தபால் ஓட்டுக் கட்டைப் பிரிக்கும்போது யாருக்கும் மூச்சு வராது.

உங்கள் மாமா மறுபடி நிற்பாரா?

இப்போது நவம்பர் வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆயுள் சான்றுக்குக் கூட்டம். மாமா கைரேகைக் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ரேகை விழாத பாட்டிகளின் விரலை ஈரத் துணியால் துடைத்துவிட்டபடி. கேட்டால், "மொதல்ல வார்டு மெம்பருக்கு நிக்கலாம்னு இருக்கறேன் மாப்ள" என்கிறார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நகையை மட்டும் பெண் வீட்டில் கொடுத்து வைத்துவிட்டார்.